குருமண்வெளி – மண்டூர் பாதை: ஒருமுறை ஏறிப் பாருங்கள்

மட்டக்களப்பில் பாதை என்றால் ரோடு இல்லை. வாவியைக் கடக்கிற இரும்பு மிதவை. ஆளும் மோட்டார் சைக்கிளும் நெல் மூட்டையும் ஒன்றாக ஏறும். போன ஆவணியில் மண்டூர் முருகன் திருவிழாவுக்குப் போக நானும் மகளும் பெரியண்ணனும் குருமண்வெளித் துறையில் ஏறினோம். பெரியண்ணன் என் பெரியம்மாவின் மூத்த மகன். அறுபது தாண்டிவிட்டது, முழங்கால் வருத்தம்.

களுவாஞ்சிகுடியில் இருந்து பட்டிருப்புப் பாலத்தால் போரதீவு, வெள்ளாவெளி என்று சுற்றியும் மண்டூருக்குப் போகலாம். அவசரம் இல்லை என்றால் பாதையால் போங்கள். கால் மணித்தியாலத்துக்குள் அக்கரை. காலை நேரம்தான் நல்லது, பின்னேரம் காற்று எழும்பினால் தண்ணீர் ஓரத்தில் நிற்பவர்கள் மேல் அடிக்கும். திருவிழா நாள் என்பதால் துறையில் சரியான சனம். பாதைக்காரர்கள் ஒரு சத்தம் போடவில்லை. வயசானவர்களை முதலில் ஏற்றி நடுவில் இருத்தினார்கள், மோட்டார் சைக்கிள்களைப் பிறகு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஒரு பொடியன் பெரியண்ணனின் கையைப் பிடித்து, "மாமா, காலை இதில வையுங்க" என்று பலகையைக் காட்டினான். அந்த 'மாமா'வுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வாவியின் கடல் பக்கம் எழுவான்கரை, வயல் பக்கம் படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை. 1990 ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பத் தொடங்கியபின் அந்தப் பெயர்களுக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. எழுவான்கரையில் ஆமி முகாம்கள், படுவான்கரையில் இயக்கத்தின், அதாவது புலிகளின், கை. பற்றரியும் யூரியாவும் படுவான்கரைக்குக் கொண்டுபோக முடியாது. துறை என்றாலே பயம். 1991 ஜூன் 12 அன்று மண்முனைத் துறைப் பக்கம் கண்ணிவெடியில் இரண்டு இராணுவத்தினர் இறந்தார்கள். அதற்குப் பழியாக மகிழடித்தீவில் சனத்தைச் சுட்டார்கள். விசாரணை ஆணைக்குழு சொன்ன கணக்கு 67 பேர்.

எங்கள் வீட்டுக் கணக்கு இது. பெரியண்ணன் 1984இல் டெலோ என்ற இன்னொரு தமிழ் இயக்கத்துக்குப் போனான். 1986இல் புலிகள் டெலோவை அழித்தபோது, மே மாதம் அதன் தலைவர் சிறீசபாரத்தினமும் கொல்லப்பட்ட பிறகு, வட்டைக்குள், வயல்வெளிக்குள், ஒரு வாடியில் ஒளித்திருந்து தப்பினான். சின்னண்ணன், அதே வயிற்றுப் பிள்ளை, இந்திய ஆமி காலத்தில் புலிகளுக்குப் போனான். 1990க்குப் பிறகு டெலோ அரச படைகளோடு சேர்ந்து நின்றதால், மூத்தவன் எழுவான்கரையில் முகாமோடு, இளையவன் படுவான்கரையில் இயக்கத்தோடு. வெளியில் இருந்து பார்ப்பவர்கள் இதைக் கொள்கைப் பிரச்சினை என்று எழுதுவார்கள். இருக்கலாம். ஆனால் எங்கள் பக்கம் பிள்ளைக்குக் குடி, அதாவது வம்சம், தாய்வழியில் வரும், வீடு மகளுக்குப் போகும், கோயில் திருவிழாவும் ஊருக்கும் குடிக்கும் என்று பங்கு. இரண்டு பேருக்கும் ஒரே குடி. எந்த இயக்கத்தாலும் அதை மாற்ற முடியவில்லை, ஆனால் வாயால் சொல்ல முடியாமல் பண்ணிவிட்டார்கள்.

1996இல் எனக்குப் பதினான்கு வயது. பெரியம்மாவோடு இதே பாதையில் மண்டூரில் இருந்து வந்தேன். ஏறமுதல் அவர் என் காதுக்குள் சொன்னார்: "பாதையில ஆரையும் முறை சொல்லிக் கூப்பிடாத." அந்தக் காலத்தில் பாதையில் யாரும் யாரையும் மாமா, மச்சான் என்று கூப்பிட மாட்டார்கள். யார் யாருக்கு என்ன முறை என்று தெரிந்துவிட்டால், எந்தக் கரையிலோ யாராவது விசாரிப்பார்கள். குருமண்வெளியில் இறங்கினால் சோதனைச் சாவடியில் பெரியண்ணன் நிற்கிறான், ஆமிக்காரருக்குப் பக்கத்தில்.

"எங்க போறீங்க?" என்று தாயிடம் கேட்டான்.

"ஆசுபத்திரிக்கு."

"பையில என்ன?"

ஓலைப்பைக்குள் ஒரு தயிர் முட்டி. வாயைப் பூவரசம் இலையால் மூடி, நாரால் கட்டியிருந்தது. முட்டியைத் தூக்கி எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, போங்க என்று தலையை ஆட்டினான். பின்னால் வந்த ஒருவர், "கிழவியின்ட தயிரையும் விடுறானுகள் இல்லை" என்று முணுமுணுத்தார். பெரியம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ரோட்டுக்கு வந்து, ஆள் இல்லாத இடத்தில்தான் எனக்கு விளங்கியது: அந்தத் தயிர் அவனுக்கென்றே உறைய வைத்தது. அன்றைக்கு நாங்கள் எந்த ஆசுபத்திரிக்கும் போகவில்லை.

2001இல் டெலோவும் சேர்ந்து தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவானது, புலிகளும் அதை ஏற்றுக்கொண்டார்கள். பெரியம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அப்ப என்னத்துக்கு இவ்வளவும்?" பதில் சொல்ல ஆள் இல்லை. 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தார், ஏப்ரலில் வெருகலில் மட்டக்களப்புப் பிள்ளைகளையும் வன்னியில் இருந்து வந்தவர்களையும் ஒருவரோடு ஒருவர் மோதவிட்டார்கள். சின்னண்ணன் துவக்கைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான், இனி எந்தப் பக்கமும் இல்லை என்றான். அடுத்த வருசம் ஒரு இரவு, படலையில் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போனவன் வரவில்லை. கூப்பிட்டது எந்தப் பக்கம் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பெரியண்ணன் அதன் பிறகு பத்து வருசத்துக்கு மேல் மண்டூர் மண்ணை மிதிக்கவில்லை. தம்பி இல்லாத வளவுக்குள் எந்த முகத்தோடு போவது என்பான்.

சரி, பாதைக்கு வருகிறேன். மண்முனையில் 2014இல் பாலம் திறந்த பிறகு அங்கே இருந்த பாதை நின்றுவிட்டது. பாலம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், இரவில் பிள்ளைப்பேறு நோவு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு துறையில் நின்றவர்களுக்குத் தெரியும் அதன் அருமை. ஆனால் பாலத்தில் ஆளை ஆள் பார்ப்பதில்லை. பாதையில் கால் மணித்தியாலம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எங்களோடு வந்தவர்கள் மோட்டார் சத்தத்துக்கு மேலால் பேசிக்கொண்டே வந்தார்கள். "மச்சான், கயிற்றைப் பிடி", "மாமி, வெயில் சுடுது, இஞ்சால வாங்க." நான் ஒவ்வொரு முறைப்பேரையும் கேட்டுக்கொண்டு நின்றேன். மகளுக்கு நான் ஏன் கண்ணைத் துடைக்கிறேன் என்று விளங்கவில்லை.

மண்டூரில் இறங்கினால் கோயில் பக்கம்தான். பூசை செய்பவர்கள் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டியிருப்பார்கள், கதிர்காமத்து முறை. சின்னக் கதிர்காமம் என்றே சொல்வார்கள். சனத்துக்குள் பிள்ளையின் கையை விடாதீர்கள்.

நாங்கள் போன அன்று பெரியம்மா துறைக்கே வந்துவிட்டார். எண்பத்திநாலு வயது, ஒரு கையில் தடி. பாதை கரையைத் தொட இன்னும் நாலைந்து முழம் இருக்கும்போதே, அத்தனை சனத்துக்கும் கேட்கக் கூப்பிட்டார்: "மனே! பாத்து இறங்கு மனே!"

பெரியண்ணன் "ஓம் அம்மா" என்றான். அவ்வளவு சத்தமாக அவன் பேசி நான் கேட்டதில்லை.

திரும்பி வருவதற்குக் கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. வீட்டில் தயிர் உறைய வைத்திருந்தார், அன்றிரவு அங்கேயே தங்கினோம்.