இரண்டரை கிகாபிட் போர்ட்டா, இரண்டு போர்ட்டைச் சேர்ப்பதா, பத்து கிகாபிட்டா?

ரவுட்டரில் வீட்டுக் கருவிகளை மாட்டுகிற சாதாரண லேன் போர்ட் ஒரு கிகாபிட், அதாவது நொடிக்கு ஆயிரம் மெகாபிட் (எம்பிபிஎஸ்). அதில் வேகச் சோதனை போட்டால் 940 எம்பிபிஎஸ் பக்கம் வந்து நின்றுவிடும். பிளான் ஆயிரமாக இருந்தாலும் அவ்வளவுதான். மிச்சம், டேட்டாவோடு கூடவே போகிற முகவரித் தகவலுக்குச் செலவாகிவிடுகிறது. இதைத் தாண்ட மூன்று வழி உண்டு: இரண்டு போர்ட்டைச் சேர்த்துக் கட்டுவது, இரண்டரை கிகாபிட் போர்ட் உள்ள ரவுட்டருக்கு மாறுவது, ஒரேயடியாகப் பத்து கிகாபிட்டுக்குப் போவது. பாளையங்கோட்டையில் வீட்டு மச்சில் கல்யாண வீடியோ எடிட்டிங் பார்க்கிறவன் நான். கீழே ரவுட்டரும், ஃபைல்களைச் சேமித்து நெட்வொர்க்கில் பகிர்கிற நாஸ் பெட்டியும், மேலே எடிட்டிங் கம்ப்யூட்டர். எடுத்தது இரண்டரை கிகாபிட். அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

ரவுட்டரின் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை முதலில் மறந்துவிடுங்கள். ஏஎக்ஸ்3000 என்பது 574-ஐயும் 2402-ஐயும் கூட்டிச் சொன்ன வைஃபை கணக்கு. அந்த வகை ரவுட்டர்கள் பலவற்றில் வயர் போர்ட் எல்லாமே ஒரு கிகாபிட்தான். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள்.

போர்ட்டைச் சேர்க்கிற வித்தைக்கு லிங்க் அக்ரிகேஷன் என்று பெயர். 2000-லேயே தரமாக்கப்பட்ட பழைய சங்கதி. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒரு டவுன்லோடு, ஒரு ஃபைல் காப்பி என்றால் அது முழுக்க ஒரே வயரில்தான் ஓடும். டேட்டா பொட்டலங்கள் வரிசை மாறிவிடக் கூடாது என்று, முகவரிகளை வைத்து ஒரு வயரைத் தேர்ந்துகொண்டு அதிலேயே விடுவார்கள். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் நாஸிலிருந்து இழுக்கிற ஆபீசுக்குச் சரி. ஒற்றை ஆளுக்குப் பிரயோஜனமில்லை. இரண்டு கம்பெனி நெட்டை வாங்கி ரவுட்டரின் டூயல் வேனில் (நெட் உள்ளே வருகிற போர்ட் வேன், அது இரண்டு) மாட்டினாலும் பெரும்பாலும் இதே கதைதான். விண்டோஸ் ஃபைல் பகிர்கிற எஸ்எம்பி முறையின் மல்டிசேனல் வசதி மட்டும் விதிவிலக்கு: விண்டோஸும் நாஸும் ஒத்துழைத்தால் ஒரே ஃபைலை இரண்டு வயரில் பிரித்து இழுக்கும். அதற்கு மச்சுக்கு இரண்டு வயர் வேண்டுமே, எங்கள் பைப்பில் கிடப்பது ஒன்று.

இரண்டரை கிகாபிட்டில் ஏமாறுகிற இடம் போர்ட்டின் எண்ணிக்கை. பல ரவுட்டர்களில் வேன் போர்ட் மட்டும் இரண்டரை, லேன் எல்லாம் ஒன்று. வாய் அகன்ற புனல் மாதிரி. மேலே எவ்வளவு ஊற்றினாலும் ஒரு கம்ப்யூட்டருக்கு 940-க்கு மேல் இறங்காது. உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று குறைந்தது இரண்டு வேண்டும். நாஸும் சேர்ந்தால் மூன்று. அவ்வளவு போர்ட் உள்ள ரவுட்டர் விலை ஏறிவிடும் என்பதால், இரண்டு போர்ட் ரவுட்டரும் அதன் பின்னால் போர்ட்டைப் பெருக்கித் தருகிற ஒரு இரண்டரை கிகாபிட் சுவிட்சும் வைத்துக்கொண்டேன். நாஸிலிருந்து ஃபைல் எடுக்க இப்போது ரவுட்டரைத் தொடவே வேண்டியதில்லை.

நெட்டுக்கும் ஒரு வார்த்தை. கம்பெனிக்காரர் மாட்டிவிட்டுப் போகும், கண்ணாடி இழை (ஃபைபர்) வந்து முடிகிற ஓஎன்டி பெட்டியில் கிகாபிட் போர்ட்தான் என்றால், பின்னால் எந்த ரவுட்டர் வைத்தாலும் 940தான். ஜிபான் என்கிற ஃபைபர் முறையில் ஓர் இழையில் கீழே இறங்குகிற மொத்த வேகமே 2.488 கிகாபிட், அதைத்தான் தெருவில் 32 வீடோ 64 வீடோ பங்கு போடுகின்றன. என்னைப் பொறுத்தவரை நெட்டைவிட வீட்டுக்குள் ஓடுகிற ஃபைலுக்குத்தான் இரண்டரை உதவுகிறது. நூறு ஜிபி ஃபுட்டேஜ் முன்பு கால் மணி நேரம் எடுத்தது, இப்போது ஆறு நிமிடம் போல.

சரி, என் முடிவைத் தீர்மானித்தது இதெதுவும் இல்லை. சுவருக்குள் கிடக்கிற வயர்.

வீடு கட்டும்போதே கேட் 5ஈ (Cat 5e) ரக நெட்வொர்க் வயரைப் பைப்பில் இழுத்துப் பூசி மூடிவிட்டோம். பத்து கிகாபிட் செம்பு வயருக்கு 2006-இல் தரம் வந்தபோது, நூறு மீட்டர் போக கேட் 6ஏ வேண்டும் என்று வைத்தார்கள். கேட் 6 என்றால் அதிகபட்சம் 55 மீட்டர். 5ஈ-க்கு உத்தரவாதமே இல்லை. 2016-இல் வந்த இரண்டரை கிகாபிட் தரமோ, கட்டடங்களில் ஏற்கெனவே கிடக்கிற 5ஈ-யிலேயே நூறு மீட்டர் ஓட வேண்டும் என்று செய்யப்பட்டது. கொத்தனாரைக் கூப்பிட்டு, பூச்சை உடைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடிக்கிற செலவை ரவுட்டர் விலையோடு கூட்டிப் பாருங்கள். பழைய வயரில் நூல் கட்டி புதியதை இழுக்கலாம் என்பார்கள். பைப் வளைவில் அது எப்படிச் சிக்கும் என்று இழுத்தவருக்குத்தான் தெரியும்.

5ஈ என்று உறையில் அச்சடித்திருந்தால் மட்டும் போதாது. சுவர்ப் பெட்டியின் முகப்பைக் கழற்றிப் பாருங்கள். வயருக்குள் நாலு ஜோடி உண்டு; எங்கள் வீட்டில் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் மட்டும் பெட்டியில் பொருத்தி அடித்திருந்தது. நீலமும் பழுப்பும் சுருட்டி ஓரத்தில் சொருகிக் கிடந்தன. இரண்டு ஜோடியில் 100 எம்பிபிஎஸ்தான் ஓடும். வயரிங் பார்த்த தம்பியைக் கேட்டால், "நெட் வருதுல்லா அண்ணாச்சி, நாலு வயரு போதும்னு விட்டுட்டேன்" என்கிறார். எட்டையும் அடித்ததும் இரண்டரையில் இணைப்பு ஏறிவிட்டது.

அடிக்கும் முன் ஒரு இழையின் நுனியை பிளேடால் சுரண்டிப் பார்ப்பது நல்லது. உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் கவலையில்லை. வெள்ளி மாதிரி வெளுத்திருந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு வயர். அது 5ஈ தரத்திலேயே சேராது. அடித்த இடத்தில் சீக்கிரம் முறியும். அப்படி இருந்தால் நான் சொல்கிற கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. வயரை மாற்றியே ஆக வேண்டும்.

கம்ப்யூட்டர் பழையதாக இருந்தால் இரண்டரை கிகாபிட் யூஎஸ்பி அடாப்டர் போதும். யூஎஸ்பி 3 வாயில் சொருகுங்கள். யூஎஸ்பி 2-இன் உச்சமே 480 எம்பிபிஎஸ்.

பத்து கிகாபிட்டை வண்ணார்பேட்டையில் நண்பர் ஒருவரின் ஸ்டுடியோவில் பார்த்ததோடு சரி, ஆண்டுக்கணக்கில் ஓட்டிய அனுபவம் இல்லை. ஒரே மேசையில் இருக்கும் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே டிஏசி (இரு முனையிலும் பிளக் சேர்ந்தே வருகிற குட்டை வயர்) போட்டால் சூடும் இல்லை, தொந்தரவும் இல்லை என்கிறார். எஸ்எஃப்பி பிளஸ் என்கிற பத்து கிகாபிட் வாயில் சொருகுகிற, செம்பு வயருக்கான மாட்யூல் வேறு ரகம்: கட்டைவிரல் அளவில் இரண்டு வாட்டுக்கு மேல் குடிக்கும், தொட்டால் சுடும். கத்திரி வெயிலில் எங்கள் மச்சு அறையில் அதை வைக்க எனக்குத் துணிவில்லை. சாதாரண ஹார்ட் டிஸ்க் ஒன்று நொடிக்கு 200, 250 மெகாபைட்டிலேயே (ஒரு மெகாபைட் எட்டு மெகாபிட்) மூச்சு வாங்கும்; பத்துக்குத் தீனி போட எஸ்எஸ்டி வேண்டும். இரண்டரையோ அந்த ஒற்றை டிஸ்க்கின் வேகத்துக்கே சரியாக இருக்கிறது. இன்னொன்று, எஸ்எஃப்பி பிளஸ் வாய் பலவற்றுக்கு ஒன்றும் தெரியும், பத்தும் தெரியும், நடுவில் இரண்டரை தெரியாது.

பத்தைச் செம்பில் இல்லாமல் ஃபைபரில் ஓட்டலாம் என்கிற பத்துக்காரர்கள் சொல்வதில் எனக்கு மறுப்பில்லாதது இடி விஷயம். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே விழுகிற இடிக்கு, மாடிக்கும் கீழுக்கும் ஓடும் செம்பு வயர் திடீர் மின்பாய்ச்சலைப் பெட்டிக்குப் பெட்டி கடத்திவிடும். கண்ணாடி இழை கடத்தாது. அதனால் புது வீடு கட்டுகிறவர்கள் பூச்சுக்கு முன்பே மச்சுக்கு ஒரு இஞ்ச் பைப் தனியாக விட்டு, உள்ளே நூலும் போட்டு வையுங்கள். இன்றைக்கு அதில் கேட் 6ஏ ஓடட்டும். பின்னால் ஃபைபர் இழுக்க நினைத்தால் வளைவு குறைந்த பைப்பாக இருப்பது முக்கியம்.