கத்திரி வெயிலுக்கு முன் ஒரு கத்தரிக்கோல்

மாடித் தோட்டத்தில் காய் பறிப்பதற்கென்று தனியாக ஒரு கருவி வேண்டுமா என்று எங்கள் வீட்டில் எழுந்த கேள்விக்கு, பங்குனி முதல் நாளில் தொடங்கிச் சித்திரை முடியும் வரை ஏறத்தாழ இரண்டு மாதம் பயன்படுத்திப் பார்த்தபின் நான் கண்ட விடை, சில காய்களுக்குக் கட்டாயம் வேண்டும், சிலவற்றுக்கு வேண்டவே வேண்டாம் என்பதாகும். இணையக் கடை ஒன்றில் வாங்கியவை இரண்டு. முதலாவது, குறுகிய நீண்ட அலகுகளும் நடுவில் சுருள்வில்லும் கொண்ட, உள்ளங்கைக்குள் அடங்கும் அறுவடைக் கத்தரிக்கோல். விலை 345 ரூபாய். இரண்டாவது, சிலிக்கான் உறையோடு கட்டைவிரலில் மாட்டிக்கொள்ளும் சிறு கத்தி. மற்ற நான்கு விரல்களுக்கும் தனித்தனி உறைகள் சேர்த்து 179 ரூபாய். இரண்டின் அட்டையிலும் ‘எல்லா அறுவடைக்கும் ஏற்றது’ என்று எழுதியிருந்தது. படத்திலோ திராட்சையும் ஆப்பிளும் இருந்தன.

அந்த ‘எல்லா அறுவடைக்கும்’ என்ற சொல்தான் என்னை உறுத்தியது. நம் பேச்சில் அறுவடை என்பது ஒரே செயலன்று. கதிரை அறுக்கிறோம், பூவைக் கொய்கிறோம், காயைப் பறிக்கிறோம், கீரையைக் கிள்ளுகிறோம், முள்ளங்கியைப் பிடுங்குகிறோம், கிழங்கை அகழ்கிறோம், முருங்கைக்குத் தொரட்டி போடுகிறோம். ஒவ்வொரு வினைச்சொல்லுக்குள்ளும் அந்தச் செடியின் காம்பு எப்படிப்பட்டது, கை எந்தத் திசையில் போக வேண்டும் என்ற அறிவு அடங்கியிருக்கிறது. ஆகவே இந்தக் கருவிகளை அட்டையில் உள்ள வாசகத்தைக் கொண்டு மதிப்பிடாமல், எந்தக் காய்க்கு எது கைகொடுத்தது என்று பார்த்தே எழுதுகிறேன்.

தோட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. திருச்சியில், தெற்கு நோக்கிய மொட்டை மாடியில், தேங்காய் நார்க்கழிவும் செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து நிரப்பிய முப்பத்தைந்து பைகள். தைப்பட்டத்தில் விதைத்தது வெண்டை. இரகம், பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அர்கா அனாமிகா. மார்கழியிலேயே நாற்று விட்டு நட்டவை பெரியகுளத்துப் பிகேஎம் 1 இரகத் தக்காளியும், மிளகாயும், வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரியும். இவற்றோடு ஒரு பீர்க்கம் பந்தல், நான்கு பை அரைக்கீரை, இரண்டு பை புதினா. பழைய கணக்குப்படி சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில். ஆனால் எங்கள் ஊரில் அந்த இளவேனிலின் நடுவிலேயே அக்கினி நட்சத்திரம் வந்து உட்கார்ந்துகொள்வதால், வசந்த அறுவடை என்பது உண்மையில் கத்திரி வெயில் செடியைச் சுருட்டிப் போடுவதற்குள் முடித்துக்கொள்ள வேண்டிய வேலை.

கத்தரிக்கோல் தன் விலையை ஈட்டிக்கொடுத்த இடம், பெயர்ப் பொருத்தத்தோடு, கத்தரிச் செடிதான். கத்தரியின் காம்பு கட்டை போல் கெட்டியானது. கையால் திருகி இழுத்தால் காம்பு வருவதற்கு முன் கிளையின் பட்டை உரிந்து வந்துவிடும். அந்த இடத்தில் அடுத்த பூ வருவது தடைப்படும். சென்ற ஆண்டு அப்படியே இரண்டு செடிகளைக் கெடுத்திருக்கிறேன். மேலும், இலவம்பாடிக் கத்தரிக்குக் காயின் தலையில் தொப்பி போல் ஒட்டியிருக்கும் புல்லிவட்டத்திலும் காம்பிலும் முள் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற அந்தக் காயின் சுவையைப் பற்றி வேலூர்க்காரர்கள் சொல்லும் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைப் பறிக்கும் விரல்களின் நிலையையும் யாராவது சொல்லியிருக்கலாம். இந்தக் கத்தரிக்கோலின் அலகு மெல்லியதாக இருப்பதால், முள்ளைத் தொடாமலே இலைகளுக்கிடையே நுழைத்து, விரற்கடை அளவு காம்பு விட்டு வெட்ட முடிகிறது. தோல் பளபளப்பாக இருக்கும்போதே, கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து மெல்ல மீளும் பதத்தில் வெட்ட வேண்டும். மினுமினுப்பு போய்விட்டால் உள்ளே விதை பழுப்பேறிக் காய் கசக்கத் தொடங்கிவிடும். ஒரே குறை, வெட்டிய காயை இந்தக் கருவி பிடித்துக்கொள்வதில்லை. காய் நேரே கீழே விழுகிறது. மற்றொரு கையில் முறத்தைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கிறேன்.

மிளகாயிலும் இதே அளவுக்கு நிறைவு. மிளகாய்க் கிளை நொறுங்கும் இயல்புடையது. ஒரு காய்க்காக இழுத்தால் நான்கு பூவும் ஆறு பிஞ்சும் உள்ள கிளை முழுவதும் கையோடு வந்துவிடும். கத்தரிக்கோலால் காம்போடு வெட்டிய காய்கள், காம்பு கழன்ற காய்களைவிட அதிக நாள் வாடாமல் இருக்கின்றன என்பதையும் பார்த்தேன். வெண்டையில் கருவியின் பயன் வேறு வகையானது. பூ மலர்ந்த ஐந்து ஆறு நாளில் காய் பறிக்கும் பதத்துக்கு வந்துவிடுகிறது, இன்னும் இரண்டு நாள் விட்டால் நாராகிவிடுகிறது, முற்றிய காயைச் செடியிலேயே விட்டுவைத்தால் அது புதுப் பூ வைப்பதையும் குறைத்துக்கொள்கிறது. ஆதலால் ஒன்றுவிட்டு ஒரு நாள் கட்டாயம் பறிக்க வேண்டியிருக்கிறது. சுணையால் கை அரிப்பதை எண்ணியே அந்த வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல் வந்த பிறகு தள்ளிப்போடக் காரணம் இல்லாமல் போயிற்று. சந்தையில் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கினால் கடைக்காரர் முறைக்கிறார். சொந்தச் செடியில் அந்தச் சோதனையே தேவைப்படுவதில்லை, நாள் கணக்கு போதும்.

இனி, வேண்டாத இடம். தக்காளிக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. காம்பின் நடுவில் முட்டி போல் ஒரு கணு இருக்கிறது. கட்டைவிரலை அதன்மேல் வைத்துக் காயை மேல்நோக்கி மடக்கினால் அந்த இடத்திலேயே சொடுக்குப் போட்டாற்போல் விடுபட்டு வரும். கத்தரிக்கோலால் வெட்டினால் எஞ்சும் கூரான காம்பு, கூடையில் பக்கத்துப் பழத்தைக் குத்திப் புண்ணாக்குகிறது. அனுபவத்தில் கற்ற இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: பங்குனிக்குப் பிறகு தக்காளியைச் செடியிலேயே முழுவதும் சிவக்க விடக் கூடாது. வெப்பம் 30 பாகைக்கு மேல் நீடித்தால் சிவப்பு நிறமி உருவாவது தடைப்பட்டுப் பழம் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிடுகிறது. அதற்குள் அணில் வேறு முந்திக்கொள்ளும். அடிப்பாகம் நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து, சமையலறை மூலையில் செய்தித்தாளின் மேல் பரப்பிவைத்தால் நன்றாகவே சிவக்கிறது.

கட்டைவிரல் கத்தியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. கீரைக்கும் புதினாவுக்கும் அது உதவுகிறது என்பது உண்மை. அரைக்கீரையை அடியில் இரண்டு மூன்று கணு விட்டு மேலே கிள்ளினால் மீண்டும் தழைக்கும். அந்த வேலையை இந்தக் கத்தி விரைவாகச் செய்கிறது. ஆனால் அதே வேலையை என் மாமியார் எந்த உறையும் இல்லாமல் இதைவிட விரைவாகச் செய்து முடித்துவிட்டு, ‘நகம் எதற்கு இருக்கிறது, இதற்கு 179 ரூபாயா?’ என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வெயிலில் பத்து நிமிடத்துக்குள் சிலிக்கான் உறைக்குள் விரல் வியர்த்து வழுக்கத் தொடங்குகிறது. கத்தரி முள் உறையை ஊடுருவி வருகிறது. பீர்க்கங்காயின் காம்பில் அலகு பாதி வரை போய் நின்றுவிட்டது. கிள்ளுக்கீரைக்கு மட்டுமே ஆன கருவியை எல்லா அறுவடைக்கும் என்று விற்பது கொஞ்சம் அதிகம்தான்.

பீர்க்கம் பந்தலில் கத்தரிக்கோலுக்கும் எல்லை தெரிந்தது. வெட்டுவதில் சிக்கலில்லை, ஆனால் ஆறடி உயரப் பந்தலில் இலைக்குள் மறைந்து தொங்கும் காயை எட்டுவதற்கு முக்காலி வேண்டியிருந்தது. எட்டாமல் விட்ட மூன்று காய்கள் முற்றி, இப்போது குளியலறையில் உடல் தேய்க்கும் நாராக இருக்கின்றன. இதற்குக் கருவியைக் குறை சொல்ல மாட்டேன்.

குறை சொல்ல வேண்டியவை வேறு இரண்டு. முதலாவது, அலகுகளை ஆணி நீக்கிப் பிரிக்க முடியாது. தக்காளியையும் மிளகாயையும் தாக்கும் புகையிலைத் தேமல் வகை நச்சுயிரிகள், நோயுற்ற செடியின் சாறு கையிலும் கருவியிலும் ஒட்டுவதாலேயே அடுத்த செடிக்குப் பரவக்கூடியவை. வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமல் வெள்ளை ஈயால் பரவுவதால் அங்கே இந்த அச்சம் இல்லை. ஆகவே மிளகாய் வரிசையில் ஐயத்துக்குரிய செடி இருந்தால் அதைக் கடைசியில் தொட்டு, பிறகு அலகைச் சோப்பு நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுகிறேன். அலகுகள் சேரும் இடுக்கில் படிந்த பச்சைக் கறையைப் பல் துலக்கும் தூரிகையாலும் முழுவதும் எடுக்க முடியவில்லை. அந்த இடத்தில்தான் முதல் துருவும் பிடித்தது. துருப்பிடிக்காத எஃகு என்று எழுதியிருந்தது அலகுக்கு மட்டும் பொருந்தும் போலும், சுருள்வில்லுக்கு இல்லை.

இரண்டாவது, அலகின் ஒரு பக்கம் நுண்ணிய பற்கள் வெட்டியிருக்கிறார்கள். புதிதில் வழுக்கும் காம்பைப் பிடித்து வெட்ட அது உதவியது. ஐம்பது நாளில் கூர் மங்கியதும், தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பல் வைத்த அலகைச் சாணை பிடித்தால் பல்லும் போகும் கூரும் நிற்காது என்று திருப்பித் தந்துவிட்டார். விற்ற கடையில் மாற்று அலகோ சுருள்வில்லோ கிடையாது. கேட்டதற்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளும்படி பதில் வந்தது. 345 ரூபாய்ப் பொருள் இரண்டு பருவத்துக்குமேல் உழைக்காது என்று இப்போதே தெரிகிறது.

கத்தரியும் மிளகாயும் வெண்டையும் பத்துப் பைக்குமேல் வைத்திருப்பவர்கள் இத்தகைய கத்தரிக்கோலை வாங்கலாம். ஆனால் பல் இல்லாத வழுவழுப்பான அலகும், கழற்றக்கூடிய ஆணியும் உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. கீரையும் தக்காளியும் மட்டுமே வளர்ப்பவர்களுக்கு இது வீண் செலவு. கட்டைவிரல் கத்தி எங்கள் வீட்டில் இப்போது சமையலறைச் சன்னலோரம் கிடக்கிறது. காலையில் பால் பாக்கெட்டின் மூலையை வெட்ட மாமியார் அதைத்தான் எடுக்கிறார்.