டி.ஐ.எல். 311: மூளையை உள்ளேயே வைத்திருக்கும் எண்காட்டி

பழைய மின்னணுப் பாகங்களை விற்கும் ஒருவரிடம், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரித்த டி.ஐ.எல். 311 எல்இடி எண்காட்டிகள் நான்கை வாங்கினேன். ஏதோ ஒரு பலகையிலிருந்து கழற்றியவை என்பதற்குச் சாட்சியாகக் கால்களில் பழைய ஈயம் ஒட்டியிருந்தது. விளக்கத்தாள் எதுவும் உடன் வரவில்லை.

ஏழு துண்டு எண்காட்டியைச் சோதிப்பதுபோல மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து ஒவ்வொரு காலாகத் தொட்டபோது, இரண்டு தசமப் புள்ளிகள் மட்டும் மங்கலாக எரிந்தன. இலக்கத்துக்குரிய புள்ளி ஒன்றுகூட எரியவில்லை. கெட்டுப்போன சரக்கு என்று ஒதுக்கும் முன் விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தேன். சிவந்த மேலுறைக்குள் எல்இடி புள்ளிகளோடு ஒரு சிலிக்கான் சில்லும், அதிலிருந்து பிரிந்து செல்லும் மயிரிழைக் கம்பிகளும் தெரிந்தன. அப்போதுதான் விஷயம் புரிந்தது: இலக்கப் புள்ளிகள் நேரடியாக வெளிக்கால்களுக்கு வருவதில்லை, இடையில் அந்தச் சில்லு நிற்கிறது.

நான்கு பிட் இருமஎண்ணை வாங்கி, நினைவில் வைத்து, அதற்குரிய புள்ளிகளைத் தேர்ந்து, அவற்றுக்குச் சீரான மின்னோட்டம் அளிப்பது வரை எல்லாமே அந்தச் சில்லின் வேலை. பத்தைக் குறிக்கும் 1010 கொடுத்தால், 0 முதல் 9 வரையும் பிறகு ஏ முதல் எஃப் வரையும் எண்ணும் பதினாறடிமான முறைப்படி, ஏ என்ற எழுத்து எரியும். 5-ஆம் காலான ஸ்ட்ரோப் தாழ்நிலையில், அதாவது தரை மின்னழுத்தத்தில், இருக்கும்வரை உள்ளீடு மாற மாற இலக்கமும் மாறும். உயர்நிலைக்கு, அதாவது 5 வோல்ட் பக்கம், போனதும் கடைசி இலக்கம் அப்படியே நிற்கும். என்னை வெகுநேரம் அலைக்கழித்தது 8-ஆம் கால். இணைக்காமல் விட்ட டிடிஎல் (இந்தச் சில்லு சார்ந்த பழைய இலக்கமுறைச் சுற்று வகை) உள்ளீடு உயர்நிலையாகவே கொள்ளப்படுவதால், திரையை அணைக்கும் அந்தக் காலை நான் வெறுமனே விட்டிருந்தது, அணைத்துவைக்கும்படி ஆணையிட்டதற்குச் சமமாகிவிட்டது. 5 வோல்ட் கொடுத்து, 5, 8 ஆகிய இரு கால்களையும் தரையோடு இணைத்த கணத்தில், தரவுக் கால்கள் நான்கும் வெறுமையாகவே இருந்து 1111 என்று கொள்ளப்பட்டதால், எஃப் என்ற எழுத்து செக்கச்செவேல் என்று எழுந்தது. அந்த மகிழ்ச்சிக்காகவே இதை வாங்கலாம்.

குறைகளும் உண்டு. தசமப் புள்ளிகளுக்கு உள்ளே மின்னோட்டக் கட்டுப்பாடு இல்லை. வெளியே ரெசிஸ்டர் வைக்காவிட்டால் அவை கருகிவிடும். மேலும் ஒரே ஒரு இலக்கம் எரிந்தபோதே என் மீட்டர் ஏறக்குறைய 100 மில்லிஆம்பியர் காட்டியது, சில நிமிடங்களில் பாகமும் சூடேறியது. ஆகவே பேட்டரிக் கருவிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய கணினிகளை மீட்டெடுப்போருக்கும், தரவுப் பாதையின் மதிப்பைக் கண்ணால் காண விரும்புவோருக்கும் தயங்காமல் சொல்வேன்.

வாங்குபவர்கள் 0 முதல் எஃப் வரை பதினாறையும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். எனக்கு வந்த நான்கில் ஒன்றில் மேல் இடதுமூலைப் புள்ளி எரியவில்லை. 8-ஐயும் பி-யையும் பிரித்துக் காட்டுவதில் இடப்பக்க மூலைப் புள்ளிகளுக்குப் பங்கு உண்டு என்பதால், அந்தப் பாகத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது.