ஆய்வு மையங்களின் உலகளாவிய வலையமைப்பு: ஒரு மதிப்பீடு

இணையம் சமூகத்தில் ஏற்படுத்தும் மாற்றங்களை ஆராயும் பல நாட்டு மையங்கள் 2012 முதல் ஒரு வலையமைப்பாக இணைந்து செயல்படுகின்றன. ஹார்வர்டின் பெர்க்மன் கிளைன் மையமும் பெர்லினின் ஹும்போல்ட் நிறுவனமும் அவற்றுள் அடங்கும். இவ்வலையமைப்பின் ஆய்வறிக்கைகளை ஒரு பொதுச் சேவையாகவே கருதி இங்கு மதிப்பிடுகிறேன்.

எனக்கு மிகவும் பயன்பட்டது, இணையத் தளங்களின் சட்டப் பொறுப்பு குறித்து 2015இல் வெளியான ஆய்வுத் தொகுப்பாகும். பயனர் பதிவேற்றும் உள்ளடக்கத்துக்குத் தளத்தை நடத்துவோர் எவ்வளவு பொறுப்பு என்ற ஒரே கேள்வி பிரேசில், இந்தியா, தென் கொரியா, தாய்லாந்து, துருக்கி, வியட்நாம், அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றின் சூழலில் தனித்தனியே ஆராயப்பட்டிருப்பதால், அமெரிக்கச் சட்டம் தளங்களுக்குத் தரும் பரந்த பாதுகாப்பையும் தாய்லாந்தின் கணினிக் குற்றச் சட்டம் அவற்றின் மீது சுமத்தும் தண்டனைப் பொறுப்பையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது. உள்ளூர் சட்டமும் அரசியலும் அறிந்தவர்களின் பங்களிப்பின்றி, தனியொரு மையம் இதை இவ்வளவு நம்பகமாகச் செய்திருக்க இயலாது என்றே கருதுகிறேன்.

குறைகளும் உண்டு. ஆப்பிரிக்க நாடு ஒன்றேனும் இத்தொகுப்பில் இல்லாதது வருத்தம் தருகிறது. ஆங்கிலம் அறியாத வாசகருக்கு இது எட்டாததும் அவ்வாறே. சட்ட மாணவர்களும் இதழாளர்களும் பொதுவான தொகுப்புரையோடு நின்றுவிடாமல் நாட்டு அறிக்கைகளையும் அவசியம் படிக்க வேண்டும். விவரங்களின் செழுமை அங்கேதான் இருக்கிறது.