லெஃப்காடாவில் வாடகைக்கு எடுத்த பாய்மரப் படகு: அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஒத்துவருமா?

ஒத்துவரும், நன்றாகவே ஒத்துவரும். ஆனால் படகு வாடகைக்கு விடுகிறவர்கள் இணையதளத்தில் படுக்கை எவ்வளவு அகலம், ஸ்பீக்கர் எங்கெல்லாம் இருக்கிறது என்று போடுவதை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். நம் வயதில் பார்க்க வேண்டியது வேறு. கரையிலிருந்து படகுக்குள் எப்படி ஏறுவது, உள்ளே இறங்கும் ஏணி எவ்வளவு செங்குத்து, ஆடும்போது பிடித்துக்கொள்ள எங்கே கம்பி இருக்கிறது, இதெல்லாம்தான். இந்தக் கேள்விகளுக்குப் பதில் எந்த விளம்பரத்திலும் கிடைக்காததால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் மூன்று தம்பதிகள், எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். கிரேக்கத்தின் மேற்குப் பக்கம், ஐயோனியன் கடலில் உள்ள லெஃப்காடா மரினாவிலிருந்து (படகுகள் நிறுத்தும் துறை) 46 அடி ஒற்றை உடல் படகு, நான்கு கேபின், படகை ஓட்டும் ஸ்கிப்பரோடு, செப்டம்பரில் ஒரு வாரத்துக்கு எடுத்தோம். இந்தக் கடலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காற்றுதான் காரணம். கிழக்கே ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மெல்டெமி என்ற வடகாற்று ஆரம்பித்தால் நாள்கணக்கில் நிற்காது, காற்றின் வேகத்தைச் சொல்லும் போஃபர்ட் அளவில் 7, 8 வரை போகும், திட்டம் போட்ட தீவுக்குப் போக முடியாமல் ஏதோ ஒரு துறைமுகத்தில் கட்டிப்போட்டுக்கொண்டு உட்கார வேண்டிவரும். ஐயோனியனில் கோடைக்காலத்தில் பெரும்பாலும் காலையில் கடல் தட்டையாகக் கிடக்கிறது, மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து மாயிஸ்ட்ரோ காற்று எழுகிறது, பொழுது சாயும்போது அடங்கிவிடுகிறது. தீவுகளும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டு மூன்று மணி நேரம் ஓடினால் அடுத்த ஊர்.

படகைப் பற்றி. பாய்கள் புதிதாக இருந்தன, இரண்டையும் காக்பிட்டில், அதாவது சுக்கான் இருக்கும் திறந்த இடத்தில், இருந்தபடியே கயிறு இழுத்துச் சுருட்டலாம், யாரும் மேலே ஏறிப் போக வேண்டியதில்லை. இது பெரிய வசதி. எஞ்சின் சுத்தம். பின்பக்கத்தில் கீழே மடக்கித் திறக்கும் அகலமான மேடை இருந்தது, அதிலிருந்து ஏணி தண்ணீருக்குள் நன்றாக இறங்கியதால், முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்ட என் நண்பர்கூட யார் கையையும் பிடிக்காமல் நீந்தி வந்து ஏறினார். மெகனிசி தீவில் அபெலிக்கி என்ற குடாவில் நங்கூரம் போட்டு, பின்பக்கக் கயிற்றைக் கரையில் நிற்கும் ஒலிவ மரத்தில் கட்டிவிட்டு, மதியம் முழுக்கத் தண்ணீரிலேயே கிடந்தோம். செப்டம்பரிலும் கடல் குளிரவில்லை.

இனி குறை. மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் மிகக் குறைவு. அதனால் ஊர்த் துறைகளில் பெரும்பாலும் படகைப் பக்கவாட்டில் கட்டுவதில்லை. கரைக்கு எதிரே தள்ளி நங்கூரத்தைப் போட்டுவிட்டு, சங்கிலியை விட்டுக்கொண்டே பின்னோக்கி வந்து, பின்பக்கத்தைக் கரையில் கட்டுவார்கள். நிறையப் படகுகளுக்கு இடம் கிடைக்கும், சரி. ஆனால் இறங்குவதற்கு ஒரு நடைபலகைதான். எங்கள் படகில் இருந்தது இரண்டு சாண் அகலப் பலகை, கைப்பிடி கிடையாது, பக்கத்தில் ஏதாவது பெரிய படகு போனால் ஒரு முனை ஏறி இறங்கும், இன்னொரு முனை கல்லில் உராயும். முதல் இரவு சாப்பிட்டுவிட்டு இருட்டில் திரும்பியபோது என் மனைவி அதன் முன் நின்றுவிட்டாள். ஸ்கிப்பர் உடனே படகிலிருந்து கரைக்கம்பத்துக்கு இடுப்பு உயரத்தில் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, கையைக் கொடுத்து அழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்த ஊரில் கட்டினாலும் சொல்லாமலே அதைச் செய்தார். வாடகைக்கு விட்டவர்கள் ஒரு கைப்பிடி வைத்த பலகையைக் கொடுத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. எங்கள் வயதெல்லாம் பதிவு செய்யும்போதே கொடுத்திருந்தோம்.

இன்னொன்று இதைவிட மோசம். நங்கூரச் சங்கிலியை ஏற்றும் மின்மோட்டார் மெகனிசியில் பாதி வழியில் நின்றுவிட்டது. சுவிட்சைத் திரும்பப் போட்டால் கொஞ்ச தூரம் இழுக்கும், மறுபடி நிற்கும். கடைசியில் ஸ்கிப்பரும் எங்களில் ஒருவரும் கையால் இழுத்தார்கள். முதுகுவலிக்காரர்கள் கிட்டப் போகவே கூடாத வேலை அது. படகுப் பதிவேட்டைப் புரட்டினால், எங்களுக்கு முன்னால் எடுத்தவர்களும் அதே குறையை எழுதி வைத்திருக்கிறார்கள்! பார்த்தபோது உண்மையிலேயே கோபம் வந்தது. மறுநாள் காலையில் மோட்டார் படகில் மெக்கானிக் வந்து சரிசெய்தார், அது பாராட்ட வேண்டியதுதான். ஆனாலும் சனிக்கிழமை படகைக் கையில் கொடுக்கும்போதே சரியாக இருந்திருக்க வேண்டும். நீங்கள் எடுக்கும்போது மரினாவை விட்டுக் கிளம்பும் முன்பே சங்கிலியை முழுதாக இறக்கி ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

ஸ்கிப்பருக்கு ஒரு நாளைக்கு 200 யூரோ, சாப்பாடும் ஒரு கேபினும் நம் பொறுப்பு. கொடுத்த பணத்தில் இதுதான் மிகவும் பிரயோஜனமாகச் செலவானது. ஸ்கிப்பர் இல்லாமல் எடுப்பதானால் கிரேக்கத்தில் உரிமம் உள்ள ஒருவரும் அனுபவமுள்ள இன்னொருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. எங்களில் ஒருவரிடம் உரிமம் இருந்தும் ஸ்கிப்பரை வைத்துக்கொண்டோம், அவரும் நிம்மதியாக வேடிக்கை பார்த்தார். ஃபிஸ்கார்டோவுக்கு மதியமே போய்விட வேண்டும், நேரமானால் துறையில் இடம் இருக்காது என்று ஸ்கிப்பர் அவசரப்படுத்தியதன் அருமை மாலையில் தெரிந்தது. பின்னால் வந்த படகுகள் எதிர்க்கரைப் பாறைகளில் கயிறு கட்டிவிட்டு நிற்க, அதில் இருந்தவர்கள் டிங்கி என்ற சின்னப் படகில் வந்துகொண்டிருந்தார்கள். 1953 நிலநடுக்கத்தில் கெஃபலோனியா தீவே தரைமட்டமானபோது பெரிய சேதமில்லாமல் தப்பிய ஊர் இது, பழைய வீடுகள் அப்படியே நிற்கின்றன. இங்கே மட்டும் கூட்டம் அதிகம். எனக்குப் பிடித்தது எதிரே இத்தாக்காவில் கியோனிதான், வாயிலில் இடிந்த காற்றாலைகளோடு சின்னத் துறை.

மருந்து எடுத்துப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எங்களில் ஒருவர் இன்சுலின் போடுபவர். படகின் குளிர்பெட்டி பேட்டரியில் ஓடுகிறது, இரவில் எஞ்சின் நின்றபின் மின்னழுத்தம் இறங்கினால் தானே அணைந்துவிடும். உள்ளே ஒரு சின்ன வெப்பமானி வைத்திருந்ததால்தான் கண்டுபிடித்தோம். லெஃப்காடாவிலும் கெஃபலோனியாவின் ஆர்கோஸ்டோலியிலும் பொது மருத்துவமனை இருக்கிறது, இத்தாக்காவில் சுகாதார மையம். ஷெங்கன் விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு இருந்தால் விசா கிடைத்துவிடும், ஆனால் அதில் பாய்மரப் பயணம் சேருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கழிப்பறையில் காகிதம் போடக்கூடாது, கையால் பம்ப் அடிக்க வேண்டும், இரண்டு நாளில் எல்லோருக்கும் பழகிவிட்டது. தண்ணீர்தான் சிக்கனம் வேண்டும், ஆறேழு பேர் தினமும் குளித்தால் தொட்டி சீக்கிரம் காலி.

அடுத்த முறை இரட்டை உடல் படகான கேட்டமரன் எடுப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம். வாடகை அதிகம், அகலமாக இருப்பதால் சின்னத் துறைகளில் இடம் கிடைப்பதும் சிரமம். ஆனால் கூடமும் காக்பிட்டும் ஒரே மட்டத்தில் இருப்பதால் தேநீர் போட ஏணி இறங்க வேண்டாம், காற்றில் அவ்வளவாகச் சாயவும் சாயாது. எங்கள் படகு நல்ல காற்றில் சாய்ந்து ஓடியபோது இளமை திரும்பியது போல இருந்தது என்றார் ஒருவர். கீழே சமையலறையில் நின்றுகொண்டிருந்தவர் அப்படிச் சொல்லவில்லை.

படகின் கீறல்களையெல்லாம் முதல் நாளே படம் எடுத்து, தேதியோடு நிறுவனத்துக்கு அனுப்பியிருந்தோம், அதனால் சேதத்துக்காகக் கட்டியிருந்த வைப்புத்தொகை முழுதும் திரும்பி வந்தது. வெள்ளி மாலையே மரினாவுக்குத் திரும்பிவிட வேண்டும், சனி காலை 9 மணிக்குப் படகைக் காலி செய்ய வேண்டும். டீசல் நிரப்பும் இடத்தில் அன்று மாலை எல்லாப் படகும் ஒன்றாக வந்து நிற்கும், நான்கு மணிக்குள் போய்விடுங்கள்.