ஆறு போல்ட்டில் இரண்டு கையோடு வந்தன

பழைய டிரக் ஒன்றை வாங்கி கராஜில் நிறுத்திவிட்டு, சனி ஞாயிறு முழுக்க கிரீஸும் கையுமாக இருக்கும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டு ஸ்டீயரிங் வீல் வாங்குங்கள். ஏற்கெனவே மாற்றியவர்கள் இன்றைக்கே ஆலன் கீயை எடுத்து நடுவில் இருக்கும் போல்ட்களை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். என் வண்டியில் இறுக்கப் போனபோது ஆறில் இரண்டு கையோடு வந்துவிட்டன. அதற்கு இருபது நிமிடம் முன்புவரை ஹூஸ்டன் கேட்டி ஃப்ரீவேயில் 65 மைலில் அதே வீலைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

என்னிடம் இருப்பது 1971 ஷெவர்லே சி10. ஆறு சிலிண்டர், பவர் ஸ்டீயரிங் கிடையாது. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வந்த முதல் வருடம் என்பதால்தான் அந்த வருடத்து வண்டியாகத் தேடி வாங்கினேன். ஒரிஜினல் ஸ்டீயரிங் வீல் டெக்சஸ் வெயிலில் ஐம்பது வருடம் காய்ந்து, கைகள் வந்து சேரும் இடமெல்லாம் வெடித்துக் கிடந்தது. பிடித்தால் உள்ளங்கையில் பிளாஸ்டிக் பொடி ஒட்டும். சரி, மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு உதிரிபாகக் கடையின் இணையப் பக்கத்தில் 14 அங்குல வால்நட் மர வீல் ஒன்றைப் பார்த்தேன். கடைப் பெயரைப் போடவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. 'யுனிவர்சல் ஃபிட், 67 முதல் 72 வரை எல்லா ஷெவி டிரக்குக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்தது. வீல் 260 டாலர், வீலை ஸ்டீயரிங் ஷாஃப்ட்டோடு இணைக்கும் ஹப் அடாப்டர் 70, மாட்டக் கூலி 120. மொத்தம் 450. கார்டு வேண்டாம், ஜெல்லில் (Zelle, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் வசதி) அனுப்பினால் மூன்று சதவீதம் குறைக்கிறேன் என்றார் கவுண்டரில் இருந்தவர். பதிமூன்றரை டாலர் மிச்சம் பிடித்த சாமர்த்தியசாலி நான்தான். அந்தக் கதை பின்னால் வருகிறது.

மாட்டி எடுத்து வந்த அன்றே இடது பக்கம் ஒடித்தால் ஹாரன் அடித்தது. வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போது அடித்த ஹாரன் நிற்கவேயில்லை. ராத்திரி ஒன்பது மணி. "என்னங்க, தெருவே எட்டிப் பார்க்குது, நிறுத்துங்க" என்று மனைவி வாசலுக்கு வந்துவிட்டாள். பேட்டரி கேபிளைப் பிடுங்கித்தான் நிறுத்தினேன். இந்த வண்டிகளில் ஹாரன் பட்டன் செய்வது ஒன்றே ஒன்று, உள்ளிருந்து வரும் ஒயரை பாடியில் தொட வைப்பது. தொட்டதும் ரிலே இழுத்து ஹாரன் அடிக்கும். அந்தத் தொடுமுனை அடாப்டரின் இரும்பில் படாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் குழல் இருக்க வேண்டும். அதைப் போடாமலே மாட்டியிருந்தார்கள். இன்டிகேட்டரும் திருப்பம் முடிந்த பிறகு தானாக அணையவில்லை.

போன் செய்தேன். "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும், பழகிவிடும்" என்றார்கள். நானும் கேட்டுக்கொண்டேன் பாருங்கள், அதுதான் எரிச்சல். இரண்டாயிரம் மைல் தள்ளி இருக்கிறவன் சொன்னால் நம்புவேனா? நேரில் பார்த்த முகம் என்பதால் நம்பினேன்.

எட்டாவது நாள் ஃப்ரீவேயில் வீல் கையில் லேசாக அசைந்தது. சுற்றும்போது வருகிற பிளே இல்லை, மேலும் கீழுமாக ஒரு ஆட்டம். அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, ஷுகர்லேண்டில் இருக்கும் ஒரு அண்ணன் வீட்டுக்கு ஊர்ந்து போனேன். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்தவர். வீலை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தவர், ஒன்றும் பேசாமல் ஆலன் கீ எடுத்து வந்தார்.

"தம்பி, இதை யாரு மாட்டினது?"

"கடையிலேயேதான்ணே."

"ஓட்டையை ராவியிருக்கானுங்க, பாரு."

வீலைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். ஆறு ஓட்டையும் வட்டமாக இல்லை, முட்டை வடிவத்தில் இருந்தன. வட்டத்தின் நடுவைப் பார்த்து உள்பக்கமாக அரம் போட்டு இழுத்த கோடுகள் அலுமினியத்தில் பளபளவென்று புதிதாகத் தெரிந்தன. ஓட்டையின் ஓரத்தில் 'வால்நட்' உரிந்து தொங்கியது. மரமும் இல்லை, மேலே ஒட்டிய படம்!

காரணம் ஒரு நிமிடத்தில் புரிந்தது. ஆறு போல்ட் வீல்களில் இரண்டு அளவு உண்டு. மோமோ, ஸ்பார்கோ, ஓஎம்பி வீல்களுக்கு போல்ட் வட்டத்தின் விட்டம் 70 மி.மீ. நார்டி, பெர்சனல் வீல்களுக்கு 74. கண்ணால் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். எனக்கு விற்றது 74 வீல், 70 அடாப்டர். ஒவ்வொரு ஓட்டையும் 2 மி.மீ. தள்ளி நிற்கிறது. சரியான அடாப்டரை வரவழைக்காமல் ஓட்டையை ராவி போல்ட்டைச் சாய்வாகத் திணித்திருக்கிறார்கள். போல்ட் தலை உட்கார வேண்டிய குழியில் முழுதாக உட்காராமல் ஒரு ஓரத்தில் மட்டும் பிடித்திருக்கிறது. எட்டு நாள் அதிர்வில் மரை கழன்றுவிட்டது.

இதை வாங்கும்போதே அளந்திருக்கலாம். அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் மையங்களுக்கு நடுவே வெர்னியர் வையுங்கள். 35 காட்டினால் 70 வீல், 37 காட்டினால் 74. வெர்னியர் இல்லாவிட்டால் எதிரெதிர் ஓட்டைகளைச் சாதாரண ஸ்கேலில் அளந்தால்கூடத் தெரியும். பில்லட் வீல் (கெட்டி அலுமினியத்தைக் கடைந்து செய்தது) என்றால் பெரும்பாலும் ஒன்பது போல்ட், அது முற்றிலும் வேறு அடாப்டர்.

ஷாஃப்ட் பக்கம் என் வண்டிக்குப் பிரச்சினை வரவில்லை. 1969 முதல் 1994 வரை ஜிஎம் (ஷெவர்லேயின் தாய் நிறுவனம்) வண்டிகளில் பெரும்பாலும் ஒரே 36 பல் ஸ்ப்ளைன்தான், அதாவது ஷாஃப்ட் முனையில் அடாப்டர் கவ்விக்கொள்ளும் பல் வரிசை. அந்தத் தைரியத்தில்தான் 'யுனிவர்சல்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் விளம்பரத்தில் 67 என்றும் இருந்ததே? 67, 68 வண்டி வைத்திருப்பவர்கள் அந்த வார்த்தையை நம்பிப் பணம் கட்டாதீர்கள், உங்கள் வருடத்துக்கு உரிய அடாப்டரைத் தனியாகக் கேளுங்கள். இன்னொன்று, டைட்டிலில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) இருக்கும் வருடத்தையும் நம்ப முடியாது. முன்பு வைத்திருந்தவர் வேறு வண்டியின் ஷாஃப்ட்டோடு முழு செட்டையும் மாற்றியிருக்கலாம். பழைய வீலைப் புல்லர் (வீலை இழுத்துக் கழற்றும் கருவி) போட்டுக் கழற்றி, கண்ணால் பார்த்துவிட்டு ஆர்டர் போடுவதுதான் சரி. புல்லர் வாடகைக்குக் கிடைக்கிறது. ஷாஃப்ட் முனையில் மட்டும் சுத்தியல் போட்டுவிடாதீர்கள்.

அளவைப் பற்றியும் நான் யோசிக்கவில்லை. ஒரிஜினல் வீலை இப்போது அளந்தால் பதினாறரை அங்குலம். பதினான்குக்கு இறங்கியதும் அதே திருப்பத்துக்குக் கிட்டத்தட்ட 18 சதவீதம் கூடுதல் பலம் போட வேண்டியிருக்கிறது. பவர் ஸ்டீயரிங் இருந்தால் உணரவே மாட்டோம். இல்லாத வண்டியை எச்இபி சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில் பின்னால் எடுத்தால் தோள்பட்டை சொல்லும். பவர் இல்லையென்று கடையில் சொல்லித்தான் வாங்கினேன். பெரிய வீல் எடுங்கள் என்று ஒரு வார்த்தை வரவில்லை.

மறுநாள் வீலும் கையுமாகக் கடைக்குப் போனேன். மாட்டிய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்கள். ராவிய ஓட்டையைக் காட்டினால், நீங்களே ராவியிருப்பீர்கள் என்கிறார் அதே ஆள். கூலிக்கு ரசீதில் தனி வரி இருக்கிறது என்று எடுத்துக் காட்டியதும், சரி, 25 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைக் கடையில் வேறு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று இறங்கினார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள் வங்கியில் டிஸ்பியூட் போட்டிருப்பேன். ஜெல்லில் நானே அனுப்பிய பணத்துக்கு வங்கி கைவிரித்துவிட்டது. இப்போது டெக்சஸ் நுகர்வோர் சட்டப்படி 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். பதில் வராவிட்டால் சிறு தொகை வழக்குகளை எடுக்கும் ஜஸ்டிஸ் கோர்ட். 20,000 டாலர் வரை வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். என் 450-க்கு அது அதிகம்தான், இருந்தாலும் விடுவதாக இல்லை. போட்டோ எடுக்கும்போது ராவிய கோட்டின் மேலேயே ஸ்கேலை வைத்து எடுங்கள் என்று அண்ணன் சொன்னார். அதுவே நோட்டீஸில் முதல் படம்.

2025 ஜனவரியிலிருந்து டெக்சஸில் தனியார் வண்டிகளுக்குப் பாதுகாப்புச் சோதனையையும் எடுத்துவிட்டார்கள். ஸ்டிக்கருக்குப் போகிற இடத்திலாவது ஒருவன் வீலை ஆட்டிப் பார்ப்பான் என்ற நினைப்பும் போச்சு.

பழைய வீலின் வெடிப்புகளில் எபாக்ஸி நிரப்பி, தேய்த்து, கருப்பு அடித்து நானே மாட்டிவிட்டேன். நடு நட்டை டார்க் ரெஞ்ச் போட்டு அளவாக இறுக்கினேன். ஹாரன் அமுக்கினால் மட்டும் அடிக்கிறது, இன்டிகேட்டர் தானாக அணைகிறது. இன்று காலை அந்தக் கடையின் பக்கத்தைப் பார்த்தேன். அதே வால்நட் படம், அதே 'யுனிவர்சல் ஃபிட்'. விலையில் இருபது டாலர் குறைத்திருக்கிறார்கள்.