கேசட் பிளேயர்: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

கேசட்டில் பாட்டுக் கேட்பதை நான் நிறுத்தவே இல்லை. சிடி வந்தது, எம்பி3 வந்தது, இப்போது போனைத் தொட்டால் கோடிக்கணக்கில் பாட்டு கொட்டுகிறது. அதெல்லாம் நானும் கேட்கிறேன். ஆனால் வேலை முடித்துச் சாயங்காலம் நிதானமாக உட்கார்ந்து கேட்க வேண்டுமென்றால் கை தானாக அந்தப் பழைய கையடக்க பிளேயருக்குத்தான் போகும். இரண்டு பென்சில் பேட்டரி, இடுப்பில் மாட்ட ஒரு கிளிப், விரலுக்கு வாகாக ஒரு வரிசைப் பட்டன், பதிவு செய்ய ஒரு சிவப்புப் பட்டன். தினமும் வைத்துப் புழங்கியதில் தெரிந்துகொண்டதை, வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் பரணில் ஒன்று கிடக்கிறதே என்று நினைப்பவர்களுக்கும் எழுதுகிறேன்.

ஒலியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சிடியைவிட கேசட்டில்தான் பாட்டு நன்றாக இருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. நாடாவின் அகலமே 3.81 மி.மீ.தான். அதற்குள் இரண்டு பக்கத்துக்கும் ஸ்டீரியோ, ஆக நான்கு தடங்கள். ஸ்டுடியோக்களில் நாடா நொடிக்கு 38 செ.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, இதில் ஓடுவது 4.76 செ.மீ. இவ்வளவு ஒடுங்கிய தடத்தில் இவ்வளவு மெதுவாக ஓடினால் அடியில் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் இருக்கத்தான் செய்யும். பிலிப்ஸ் நிறுவனத்தில் லூ ஓட்டன்ஸ் குழு இதை உருவாக்கி 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வைத்தபோது, முக்கியமாக நினைத்திருந்தது கையோடு எடுத்துப்போகும் வசதியைத்தான். கோட்டுப் பையில் அடங்குகிற ஒரு மரக்கட்டையை வைத்துத்தான் அந்த முதல் கருவியின் அளவையே ஓட்டன்ஸ் முடிவு செய்தார். இசையைக் கேட்கிற தரத்துக்கு அதைக் கொண்டுவந்தது பிறகு வந்தவர்களின் உழைப்பு: நல்ல நாடா, நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் நல்ல ஹெட், இரைச்சலைக் குறைக்கும் டால்பி முறை.

அந்த உழைப்பின் பலன் சாதாரணமானதல்ல. ஹெட் சுத்தமாக இருந்து, உயர்தரப் பூச்சுள்ள நல்ல குரோம் கேசட்டில் கவனமாகப் பதிந்திருந்தால், பாட்டு தொடங்கிய சில நொடியில் இரைச்சல் நினைவிலேயே இருக்காது. டால்பியில் பரவலான வகையான டால்பி பி செய்வது எளிமையான வேலை. பதியும்போது மெல்லிய உச்ச ஒலிகளைக் கொஞ்சம் தூக்கிப் பதியும், கேட்கும்போது அதே அளவு இறக்கும், இறக்குகையில் நாடாவின் இரைச்சலும் சேர்ந்து இறங்கிவிடும். பாட்டு மங்குகிறதே என்று டால்பியை அணைத்துவிட்டுக் கேட்பவர்கள் நிறைய பேர். அநேகமாக அங்கே குற்றம் டால்பியில் இல்லை, அழுக்கேறிய ஹெட்டில் இருக்கிறது. ஹெட்டைத் துடைத்துவிட்டு மறுபடி டால்பியைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

கேசட்டுக்கே உரிய இன்னொரு சத்தம் உண்டு. எனக்கு அது உயிர். பாட்டுக்கு முன்னால் வரும் அமைதியில் காதைத் தீட்டிக் கேட்டால், பாடகர் முதல் சொல்லை எடுப்பதற்கு முன்பே அந்தச் சொல் எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல மெல்லக் கேட்கும். பிறகுதான் நிஜக் குரல் வரும். பல வருடம் சுற்றியபடியே கிடந்த கேசட்டில், ஒரு சுற்றில் இருக்கும் பலத்த ஒலியின் காந்தப் பதிவு அதற்கு மேலே ஒட்டியிருக்கும் சுற்றிலும் கொஞ்சம் படிந்துவிடுகிறது. ஒரு சுற்றின் நீளம் எவ்வளவோ, முன்னொலிக்கும் நிஜ ஒலிக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி. ஆரம்பத்துக்குச் சுற்றி வைத்த சி-90 கேசட்டில் (இரண்டு பக்கமும் சேர்ந்து 90 நிமிடம்), பக்கத்தின் முதல் பாட்டுக்கு இது சுமார் மூன்று நொடி. உருளையில் நாடா குறையக் குறையச் சுற்றும் சிறுத்து, கடைசிப் பாட்டில் ஒன்றரை நொடிக்கு வந்துவிடும். ஒலிப்பொறியாளர்களுக்கு இது குறைபாடு. என் காதுக்கு, பாட்டு மூச்சை இழுத்துக்கொண்டு தொடங்குவது மாதிரி இருக்கும். இது வேண்டாம் என்பவர்கள் கேட்பதற்கு முன் ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றினால் ஓரளவு குறையும்.

இத்தனையும் தாண்டி நான் கேசட்டை விடாததற்குக் காரணம், அதில் பக்கம் முடிகிறது என்பதுதான். சி-60 என்றால் முப்பது நிமிடம், சி-90 என்றால் நாற்பத்தைந்து நிமிடம். முடிந்ததும் ‘டக்’கென்று பட்டன் தானாக மேலே எழும்பும். அடுத்த பாட்டு இதுவாக இருக்கட்டுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள், தானாகவே வேறொன்று ஓடத் தொடங்கவும் செய்யாது. எழுந்து திருப்பிப் போடலாம், அல்லது போதும் என்று வைத்துவிடலாம். நடுவில் பிடிக்காத பாட்டு வந்தால் தாவுவது அத்தனை சுலபமல்ல. ஓட்டி, நிறுத்தி, கேட்டு, மறுபடி ஓட்டி, கொஞ்சம் அதிகம் போய்விட்டது என்று திரும்பச் சுற்ற வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பி அப்படியே விட்டு, கேட்டுக் கேட்டே பிடித்துப்போன பாட்டுகள் எனக்கு ஏராளம். போனில் கேட்டிருந்தால் அவற்றை முதல் பத்து நொடியிலேயே தள்ளியிருப்பேன்.

நாமே பதிந்த கேசட் என்றால் அது தனி உலகம். ரேடியோவில் பிடித்த பாட்டு வருமா என்று ரெக்கார்ட், பிளே இரண்டையும் அழுத்தி, பாஸ் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது விளக்காமலே புரியும். அறிவிப்பாளர் பேசி முடிக்கும் கணத்தைக் கணித்து விரலை எடுக்க வேண்டும். புது கேசட்டின் முதல் சில நொடி பதிவாகாது, அங்கே இருப்பது காந்தப் பூச்சு இல்லாத வெற்று நாடா. அதைக் கையால் சுற்றிவிட்டுத் தொடங்காவிட்டால் பல்லவியின் முதல் சொல் போய்விடும். பக்கத்தின் கடைசியில் இரண்டு நிமிடம் மிஞ்சினால் அதில் எந்தப் பாட்டு அடங்கும் என்று கணக்குப் போடுவோம். அட்டையில் பாட்டுப் பெயர்களை எழுதும்போது கையெழுத்து தன்னாலே அழகாகிவிடும். எல்லாம் முடிந்தபின், அழிந்துவிடக்கூடாது என்று மேல் விளிம்பிலிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிட்டால் அதற்கப்புறம் ரெக்கார்ட் பட்டன் இறங்காது. மனசு மாறினால் அந்த ஓட்டையின் மேல் ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டினால் போதும்.

என்னிடம் இருக்கும் ஒரு கேசட்டில், மைக் வைத்துப் பதிந்த பாட்டுக்கு நடுவே சித்தியின் குரல் விழுந்திருக்கிறது. “எத்தன நேரம்டா அதயே கேப்ப? பாட்டரி தீந்துடும், ஆஃப் பண்ணிட்டு வாடா.” அதற்கு அண்ணன், “இரு சித்தி, பதிவாயிட்டு இருக்கு.” பின்னால் கதவு சாத்தும் ஓசை. அந்தப் பாட்டின் துல்லியமான பதிப்பு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். நான் கேட்பது இதைத்தான்.

1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் சோனி வெளியிட்ட முதல் வாக்மேனில் ஹெட்போன் துளை இரண்டு இருந்தன. கூடவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டன். அதை அழுத்தினால் பாட்டின் ஒலி தணிந்து, உள்ளிருக்கும் மைக் வழியாகப் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழும். தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றுமோ என்று தயங்கி, இருவர் சேர்ந்து கேட்கும்படி செய்திருக்கிறார்கள். பிறகு வந்தவற்றில் இந்த ஏற்பாடு மறைந்துவிட்டது. எனக்கு அது பெரிய வருத்தம். ஒரே பாட்டை ஒரே நேரத்தில் இருவர் கேட்டுவிட்டு முகத்தைப் பார்த்துக்கொள்வதற்கு ஈடாக எதுவும் வரவில்லை. என் பிளேயரில் ஒரு துளைதான் உண்டு. அதில் இரண்டாகப் பிரியும் ஒரு சின்ன இணைப்பை எப்போதும் செருகியே வைத்திருக்கிறேன்.

இனி பராமரிப்பு. இது வேண்டாம் என்பவர்களுக்கு கேசட்டும் வேண்டாம். பழைய பிளேயரில் முதலில் போவது ரப்பர் பெல்ட். இளகி, தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். கை பட்டால் சுலபத்தில் போகாத கறுப்பு அது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் கப்பி முழுவதையும் துடைத்தெடுத்த பிறகே புது பெல்ட் போட வேண்டும். அடுத்து, நாடாவை அழுத்திப் பிடித்து ஓட்டும் ரப்பர் உருளை. அது இறுகி வழுவழுப்பானால் கேசட் சிக்கும். ‘கேசட் பின்னிக்கிச்சு’ என்று நாம் சொல்லும் விபத்துக்குப் பெரும்பாலும் காரணம் இந்த உருளையில் படிந்த அழுக்கு, அல்லது நாடாவை இழுத்துச் சுற்ற வேண்டிய அச்சின் இழுவை குறைந்திருப்பது. உருளைக்கு ஆல்கஹாலைவிட லேசான சோப்புத் தண்ணீர் நல்லது. ஹெட்டுக்கும் அதன் அருகிலிருக்கும் மெல்லிய உலோகத் தண்டுக்கும் ஆல்கஹால்.

சிக்கிய நாடாவை இழுக்கக் கூடாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, கதவைத் திறந்து, தண்டில் எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்று பார்த்து எதிர்ப்பக்கமாக விரலால் மெல்ல உருட்டினால் வளையம் வளையமாக விடும். வெளியே வந்ததும் பளபளப்புப் பக்கமும் மங்கல் பக்கமும் இடம் மாறாமல் பார்த்து, பென்சிலைச் செருகி உள்ளே சுற்ற வேண்டும். கசங்கிய இடத்தில் ஒலி ஒரு கணம் அமுங்கி மீளும். அது அப்படியே இருக்கட்டும், தேய்த்து நிமிர்த்தப் போனால் பூச்சு உதிரும்.

பழைய கேசட்டில் ஒலி திடீரென்று போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல அடங்கினால், ஹெட்டைக் குறை சொல்வதற்கு முன் கேசட்டின் நடுத் திறப்பைப் பாருங்கள். அங்கே ஒரு மெல்லிய தகட்டு ஸ்பிரிங்கின்மேல் அரை விரல் நகம் அளவு பஞ்சுத் திண்டு இருக்க வேண்டும். நாடாவை ஹெட்டோடு ஒட்டவைப்பது அதுதான். பசை காய்ந்து அது உதிர்ந்திருக்கும். வேண்டாத கேசட் ஒன்றிலிருந்து அந்தத் திண்டை ஸ்பிரிங்கோடு கிடுக்கியால் எடுத்து மாற்றினால், இழந்த உச்ச ஒலி அத்தனையும் திரும்ப வரும். செத்துப்போன கேசட் என்று தூக்கிப் போட்ட எத்தனையோ பதிவுகளுக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான்.

வெற்று கேசட் வாங்கினால் சி-90 வரை சரி. சி-120 வேண்டாம். நேரத்தை நீட்டுவதற்காக நாடாவை மிக மெல்லியதாக ஆக்கியிருப்பார்கள். கையடக்க பிளேயரின் இழுவையில் அது நீளும், சிக்கும்.

பழைய பிளேயரா, புதிதாக வருவதா என்று கேட்டால், சரிபார்த்த பழையதுதான் என் தேர்வு. இப்போது வருபவற்றில் பெரும்பாலும் டால்பி இல்லை, இயங்குபகுதியும் எளிய வகை. வாங்கும் முன் நன்றாகத் தெரிந்த, நீண்ட சுரமுள்ள ஒரு பாட்டைக் கொண்டுபோய்ப் போட்டுக் கேளுங்கள். புல்லாங்குழலோ பியானோவோ ஒரே சுரத்தில் நிற்கும்போது நடுக்கம் தெரிந்தால் பெல்ட்டோ உருளையோ போயிருக்கிறது. பாட்டு முழுவதும் தணிந்த சுருதியில் இழுத்தால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பேட்டரி அறையில் பச்சைப் படிவு இருந்தால் கசிவு உள்ளே கம்பிவரை போயிருக்கிறதா என்று திறந்து பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். ரிவைண்ட் பக்கத்தின் முடிவுவரை தயங்காமல் ஓட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டை மாற்றிவிடுங்கள். பழைய பெல்ட் முழுசாக இருந்தால் அதைத் தட்டையாக இரண்டாக மடித்து அளந்து, அந்த நீளத்தை இரண்டால் பெருக்கினால் சுற்றளவு வரும். நாளான ரப்பர் நீண்டிருக்கும் என்பதால் அதைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு குறைவான அளவில் வாங்குங்கள்.